ஓங்கலுக்கு நான்கு விரல்

நேசபாய்க்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை நகத்தில் ஒரு சொட்டு விட்டு ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்ப்பாள். கருங்கல் சந்தையில் மட்டி வாழைப்பழம் வாங்கினால் காம்பைக் கிள்ளி மோந்து பார்த்து, மருந்து வைத்துப் பழுக்கப்போட்டதா என்று மூன்று தடவை கேட்பாள். மூன்று தடவையும் கடைக்காரர் இல்லை என்பார். அவள் அடுத்த கடைக்குப் போவாள். சித்தப்பா இறந்துபோனார் என்று ஒருநாள் போன் வந்தது. அழுவதற்கு முன்னால் அவள் கேட்டது, "நீ நேர்ல பாத்தியா?" என்பதுதான்.

அவள் கணவர் யேசுரத்தினம் அரசுப் பேருந்தில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "சர்ச்சுல தாலி கட்டினப்ப அத உரசிப் பாக்காம விட்டாளே, அது கர்த்தர் கிருபையாக்கும்" என்று விருந்தாளிகளிடம் சொல்லுவார். அவளுக்குச் சிரிப்பு வராது. உரசிப் பார்த்திருக்கலாமே என்றுதான் தோன்றும்.

இப்படிப்பட்டவர்களை உறவுக்காரர்களுக்குப் பிடிக்காது. ஆனால் தேர்வு நடத்துகிறவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் நேசபாய் இருபத்தேழு வருஷமாக விலங்கியல் எடுக்கிறாள். தேர்வு முறைகேட்டை விசாரிக்கிற குழுவில் மற்றவர்கள் வருவார்கள், போவார்கள்; அவள் மட்டும் நிரந்தரம். இதுவரை ஒன்பது வழக்குகள் அவள் கையால் கொடுக்கப்பட்டவை. ஒன்பதிலும் தண்டனை உண்டு. சந்தேகம்தான் அவளுக்கு ஊரில் ஒரு மரியாதையை வாங்கிக் கொடுத்தது.

அவளிடம் ஒரு விதி இருந்தது. சரியான விடையை வைத்து யாரையும் பிடிக்க முடியாது. புத்தகம் படித்த எல்லாரும் அதையே எழுதுவார்கள். தப்பு அப்படியல்ல. தப்பு அவரவர் சொந்தச் சரக்கு. இரண்டு தாளில் ஒரே இடத்தில் ஒரே தப்பு இருந்தால் ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதப்பட்டது, அவ்வளவுதான்.

வகுப்பிலும் ஏறக்குறைய இதையேதான் நடத்துவாள். உயிர்களெல்லாம் ஒரே மூதாதையிலிருந்து கிளைத்தவை என்று சொல்கிறோமே, அன்றைக்கு யார் இருந்து பார்த்தார்கள்? ஒருவரும் இல்லை. அதனால் விஞ்ஞானிகள் போலீஸ்காரர்கள் மாதிரித் தடயம் தேடுகிறார்கள். எலியின் உடம்பு வைட்டமின் சி-யைத் தானே செய்துகொள்ளும். நமக்கு அது முடியாது. நெல்லிக்காயும் நாரத்தங்காயும் தின்றாக வேண்டும். அதைச் செய்யும் மரபணு நம்மிடமும் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் உடைந்து, பாதி தொலைந்து, உபயோகமில்லாமல் கிடக்கிறது. சிம்பன்சியைச் சோதித்தால் அதனிடமும் அதே மரபணு, ஒரேபோல் உடைந்து கிடக்கிறது. கினிப்பன்றியிடமும் உடைந்ததுதான், ஆனால் உடைந்த விதம் வேறு. அது தனியாகக் கெட்டுப்போன கதை.

"நல்ல ஓட்டுவீடு ஊரெல்லாம் உண்டு மக்கா. ரெண்டு வீட்டுல ஒரே எடத்துல ஒரேபோல ஓடு ஒடஞ்சிருந்தா, அப்பம்தான் விசாரிக்கணும்" என்பாள்.

சென்ற ஏப்ரலில் இறுதிப் பருவத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது அப்படி இரண்டு வீடு அகப்பட்டது. பரிணாமப் பாடம். வெவ்வேறு விலங்குகளின் முன்னங்கால் எலும்புகள் ஒரே அமைப்பில் இருப்பதைப் படம் வரைந்து விளக்கச் சொல்லியிருந்தார்கள். மனிதன் கை, வௌவால் சிறகு, ஓங்கலின் துடுப்பு. டால்பினுக்குக் கடற்கரையில் ஓங்கல் என்று பெயர். எதை எடுத்தாலும் மேலே ஓர் எலும்பு, அதற்குக் கீழே இரண்டு, பிறகு மணிக்கட்டில் சின்னச் சின்ன எலும்புகள், கடைசியில் ஐந்து விரல். நீந்துகிற துடுப்புக்குள் எதற்கு விரல்? பழைய வீட்டுச் சாமான் அது. அதுதான் தடயம்.

ஒரு தாளில் ஓங்கலுக்கு நான்கு விரல் வரைந்திருந்தது. நேசபாய் மார்க்கைக் குறைத்துவிட்டு அடுத்த தாளை எடுத்தாள். அதிலும் நான்கு. பாடப்புத்தகத்தில் ஐந்து. அவள் ஸ்மார்ட் போர்டில் காட்டிய படத்திலும் ஐந்து. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். தேர்வு அறையில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்ற பட்டியலை வரவழைத்தாள். முதல் தாள் அஞ்சு என்ற பெண்ணுடையது, கருங்கல்காரி. இரண்டாவது ஷிபானா, தேங்காய்ப்பட்டணம். ஷிபானா உட்கார்ந்திருந்தது அஞ்சுவுக்கு நேர் பின்னால். மூன்று வருஷமாக ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிற சிநேகிதிகள் வேறு. இனி என்ன வேண்டும்? அன்றைக்கே புகார் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

விசாரிப்பதிலும் அவளுக்கென்று ஒரு வழி உண்டு. தனித்தனியாகக் கூப்பிடுவாள். முதலில் அஞ்சுவைக் கூப்பிட்டு, "ஏட்டி, ஷிபானா எல்லாத்தையும் சொல்லியாச்சு. நீதான் தாள நீக்கிக் காட்டினியாம்" என்றாள். பிறகு ஷிபானாவிடம், "அஞ்சு ஒத்துக்கிட்டா. நீ முதுகுல குத்திக் குத்திக் கேட்டியாமே" என்றாள். இரண்டும் பொய். ஒருத்தியும் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் பாக்கல்ல மிஸ்" என்று ஷிபானாவும், "நான் காட்டல்ல மிஸ்" என்று அஞ்சுவும் சொன்னதையே சொன்னார்கள். ஆனால் அடுத்த நாள் துறைக்கு வந்து காத்திருந்தபோது இருவரும் வேறு வேறு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நேசபாய்க்கு அது போதுமானதாக இருந்தது. கள்ளத்தனம் வெளிப்பட்டால் கூட்டாளிகள் பிரிவது இயல்புதானே என்று நினைத்துக்கொண்டாள்.

குழு வெள்ளிக்கிழமை கூடும். குற்றம் உறுதியானால் அந்தப் பருவத்தின் எல்லாத் தாள்களும் ரத்து. ஒரு வருஷம் போய்விடும். அஞ்சுவின் வீட்டில் அழுவார்கள், பிறகு பணம் கட்டிப் படிக்க வைப்பார்கள். ஷிபானாவின் கதை அப்படியல்ல. அவள் வாப்பா உயிரோடில்லை. டிகிரி முடியட்டும், பிறகு பி.எட். படிக்கட்டும் என்று உம்மா மைமூன் பீவி தன் அண்ணன்மாரோடு மல்லுக்கு நின்று மூன்று வருஷத்தை வாங்கியிருந்தாள். மாமன்மார் மாப்பிள்ளை பார்த்துவைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். நான்காவது வருஷம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மைமூன் பீவி துறையின் வாசலில் வந்து நின்றாள். "எம் மொவ பாத்து எழுதமாட்டா மிஸ். எளுப்பிவிட்டா படிக்கப்பட்ட பிள்ளையில்ல அது, தானா எந்திச்சு படிக்கப்பட்ட பிள்ளையாக்கும்" என்றாள்.

"எல்லா அம்மமாரும் இதத்தான் சொல்லுவாவ" என்றாள் நேசபாய். அந்த அம்மாள் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள்.

இத்தோடு விட்டிருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். நேசபாயின் சந்தேகம் விடுகிற சாதியல்ல. இரண்டு பேர் என்றால் இருபது பேர் இருக்கலாம், பின்னால் ஒரு கும்பலே இருக்கலாம் என்று அதற்குத் தோன்றியது. செவ்வாய்க்கிழமை பதிவறையைத் திறக்கச் சொல்லி, பழைய பருவத் தாள் கட்டுகளை அவிழ்த்துத் தரையில் பரப்பினாள். புதன்கிழமை சாயங்காலத்துக்குள் நான்கு விரல் ஓங்கல்கள் பதினொன்று சேர்ந்துவிட்டன. அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம். பெரிய மீன் விழப்போகிறது.

பதினொன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் ஒரு சங்கதி கண்ணில் பட்டது. ஐந்து தாளில் விரல் நான்கு என்பது மட்டும்தான் தப்பு. மற்ற ஆறில் அதோடுகூட முன்கை எலும்புகள் இரண்டின் பெயரும் இடம் மாறியிருந்தன. பெயர் மாறிய ஆறும் தேங்காய்ப்பட்டணம், குளச்சல் பக்கத்துப் பிள்ளைகளுடையவை. மாறாத ஐந்தும் கருங்கல் பக்கம். அஞ்சுவின் தாளில் பெயர் சரியாக இருந்தது. ஷிபானாவின் தாளில் மாறியிருந்தது. அஞ்சுவைப் பார்த்து எழுதியவள் அஞ்சுவிடம் இல்லாத தப்பை எங்கிருந்து எடுத்தாள்? அதுவும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் குளச்சல்காரி ஒருத்தி செய்த அதே தப்பை?

நேசபாய் வெகுநேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். ஷிபானா அஞ்சுவைப் பார்த்து எழுதவில்லை என்பது எலும்பு எலும்பாக அங்கே கிடந்தது. ஆனாலும் அவள் மனம் தோற்க ஒப்பவில்லை. சரி, பார்த்து எழுதவில்லை. அப்படியானால் எங்கிருந்தோ ஒரு கள்ள நோட்ஸ் புழங்குகிறது, அதை அச்சடித்து விற்கிறவனைப் பிடித்தே தீருவேன் என்று எழுந்தாள்.

வியாழக்கிழமை காலையில் இரண்டு பெண்களையும் மறுபடி தனித்தனியாகக் கூப்பிட்டு நோட்ஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். ஷிபானா, தன் ஊரில் டியூஷன் எடுத்த ஜின்சி அக்கா தந்தது, ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் என்றாள். அஞ்சு, கருங்கல்லில் முத்துக்கனி அக்காவின் டியூஷனில் கிடைத்தது என்றாள். கருங்கல் கிட்டத்தில் இருந்ததால் மத்தியானமே நேசபாய் முத்துக்கனி வீட்டில் போய் இறங்கினாள்.

முத்துக்கனி அவளுடைய பழைய மாணவிதான். மாடியில் தகரக் கொட்டகை போட்டு டியூஷன் நடத்துகிறாள். மிஸ் வீட்டுக்கு வந்ததில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கிளாஸ் தேயிலையும் முந்திரிக்கொத்துப் பலகாரமும் கொண்டுவந்து வைத்தாள். நேசபாய் அதைத் தொடாமல், ஷிபானா வரைந்த படத்தை மேசைமேல் போட்டாள்.

"இந்தப் படம் ஒனக்கு எங்கேந்து கிட்டிச்சு?"

முத்துக்கனி சிரித்தாள். "என்ன மிஸ், என்ன சோதிச்சுப் பாக்கியளா?"

உள்ளே போய் ஒரு பழைய தாளைக் கொண்டுவந்தாள். மஞ்சளித்துப்போன தாள், கிழியாமலிருக்க லேமினேஷன் செய்திருந்தாள். நீல மையில் ஓங்கலின் துடுப்பு, நான்கு விரலோடு. கீழே, வலப்பக்கம் சாய்ந்த கையெழுத்தில், கடியப்பட்டணம், பிப்ரவரி 1998, நே.பா. என்று இருந்தது.

"நீங்க வரஞ்சதாக்கும் மிஸ். எங்க செட்டுக்குத் தந்திய. நான் அப்படியே வச்சிருக்கேன். ஜின்சி எங்கிட்டேந்து கையால எழுதி எடுத்தா, அவசரத்துல பேர மாத்திப் போட்டுட்டா. அவ டியூசன்ல போனவியளுக்கெல்லாம் அதுதான் கிட்டியிருக்கும்."

நேசபாய்க்குத் தன் கையெழுத்தைத் தெரியாதா? வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒவ்வொரு புத்தகத்திலும் ஓங்கலின் துடுப்பு ஒவ்வொரு மாதிரி இருந்தது. எதை நம்புவது? கடியப்பட்டணத்தில் செத்த ஓங்கல் ஒன்று ஒதுங்கி, சதை அழுகி எலும்பு தெரியக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டுப் பேருந்து ஏறிப் போனாள். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு மணலில் குந்தியிருந்து எலும்பு எலும்பாக எண்ணி வரைந்தாள். "புத்தகத்த நம்பாண்டாம். இது நான் கண்ணால பாத்து வரஞ்சது" என்று வகுப்பில் சொன்னாள். ஓங்கலுக்கு ஐந்தாவது விரல் ஓரத்தில் இருக்கும் மிகச் சின்ன எலும்பு. அலை கொண்டுபோயிருக்கும், அல்லது நாய் இழுத்திருக்கும். அங்கே நான்குதான் கிடந்தன; அவள் நான்கை வரைந்தாள். இரண்டு வருஷம் கழித்துத் துறைக்கு நல்ல படம் ஒன்று வந்தது. அன்றிலிருந்து ஐந்து என்று நடத்த ஆரம்பித்தாள். தன்னுடையதில் ஏன் நான்கு என்று ஒருநாளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் சந்தேகப்பட்டவள் ஒருத்தியை மட்டும் விட்டுவைத்திருந்தாள்.

குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று எவராவது விடையில் எழுதினால் சிவப்பு மையால் அடித்து, 'இல்லை, இருவரும் ஒரே மூதாதையிலிருந்து' என்று ஓரத்தில் எழுதுகிறவள் அவள். எத்தனை நூறு தாளில் எழுதியிருப்பாள்! அஞ்சுவும் ஷிபானாவும் என்று வந்தபோது, ஒருத்தியிடமிருந்து இன்னொருத்தி என்றுதான் அவளுக்கே தோன்றியது. இரண்டு பேருக்கும் மேலே மூத்தது ஒன்று இருக்கலாம் என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. அந்த மூத்தது தானேதான் என்பது அவளுக்கு வெட்கமாக இருந்தது. முத்துக்கனியின் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வரவில்லை. தாளை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை குழுவில் அந்தத் தாளை மேசைமேல் வைத்து நடந்ததைச் சொன்னாள். முதல்வர் நல்ல மனிதர், கல்லூரியின் பெயருக்குப் பயந்தவர். "போதிய ஆதாரம் இல்லை என்று எழுதி முடித்துவிடலாம் மேடம். உங்க பேரு எதுக்கு?" என்றார்.

நேசபாய்க்கும் ஒரு கணம் அது ஆசையாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். இருபத்தேழு வருஷத்துப் பெயர். ஆனால் ஆதாரம் இல்லை என்றால் அந்தப் பெண்கள்மேல் சந்தேகம் மிச்சமிருக்கும். சந்தேகம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும்.

"ஆதாரம் உண்டு சார். அது எனக்கு எதிரா இருக்கு. அப்படியே எழுதுங்க" என்றாள். எழுதினார்கள்.

வெளியே வராந்தாவில் அஞ்சு ஒரு ஓரத்திலும் ஷிபானா ஒரு ஓரத்திலும் நின்றார்கள். நேசபாய் இருவரையும் சேர்த்துக் கூப்பிட்டாள். அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"கேஸ் இல்ல. தப்பு என்னுது. பின்னே, இவ சொன்னான்னு ஒங்கிட்டயும், அவ சொன்னான்னு ஒங்கிட்டயும் சொன்னேன் பாத்தியா, அது ரெண்டும் பொய். ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்லல்ல."

அஞ்சு ஷிபானாவைப் பார்த்தாள். "நான் நம்பிட்டேனே மக்கா" என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஷிபானா அழவில்லை. அவளுக்குக் கோபம் இருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

"இதுக்கு முன்ன யாருக்காவது இப்படி ஆயிருக்கா மிஸ்?" என்று கேட்டாள்.

நேசபாய் நேராக அலுவலகத்துக்குப் போய்ப் பழைய வழக்குக் கோப்புகளைக் கேட்டாள். ஒன்பதில் எட்டு சந்தேகத்துக்கு இடமில்லாதவை. துண்டுச்சீட்டோ போனோ கையோடு பிடிபட்டவை. ஐந்தாவது கோப்பு 2013. மகேஷ்குமார், பிரதீஷ். அடுத்தடுத்த இருக்கை. ஆதாரமாக இரண்டு படங்களின் நகல் பின் செய்யப்பட்டிருந்தது. எண்ணத் தேவையிருக்கவில்லை; ஆனாலும் எண்ணினாள். நான்கு, நான்கு. ஒரு வருஷம் போனது இரண்டு பேருக்கும். பிரதீஷ் அடுத்த வருஷம் எழுதிப் பாஸாகி வெளிநாட்டுக்குப் போனான். மகேஷ்குமார் திரும்ப வரவே இல்லை.

மகேஷ்குமார் இப்போது கருங்கல் சந்தையில் வாழைக்குலைக் கடை வைத்திருக்கிறான் என்று தெரிந்துகொள்ளக் கஷ்டமாக இருக்கவில்லை. சனிக்கிழமை காலையில் யேசுரத்தினம் ஸ்கூட்டரில் கொண்டு விட்டார். வழியில் அவர் ஒன்றும் கேலி செய்யவில்லை.

மகேஷ்குமார் ஏத்தன் குலைகளை இறக்கிக்கொண்டிருந்தான். அடையாளம் தெரிந்ததும் வேட்டியை இறக்கி விட்டான். "வாருங்க மிஸ். மருந்தடிக்காத பழமாக்கும், பயப்படாம வாங்கலாம்" என்றான்.

நேசபாய் நின்றபடியே சொன்னாள். படம், நோட்ஸ், கடியப்பட்டணத்து ஓங்கல், எல்லாம். அவன் குலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"செரி மிஸ். நான் அப்பமே சொன்னேன், பாக்கல்லன்னு. போவட்டு, அது கழிஞ்ச கத. எனக்குப் படிப்பு போனதுல வெசனம் இல்ல." பிறகு குரல் மாறியது. "எனக்கு வெசனம் பிரதீஷு சொல்லிட்டானேங்கியதுதான். ஒண்ணாம் கிளாஸுலேந்து ஒண்ணா நடந்தவன். நான் அவனப் பாத்து எழுதினேன்னு ஒங்ககிட்ட சொன்னானே. அதுக்கப்புறம் நான் அவங்கிட்ட மிண்டல்ல, ஒரு பேச்சு இல்ல. கல்யாணத்துக்கு விளிச்சான், போகல்ல. அவன் அப்பா சாவுக்கும் போகல்ல மிஸ்."

படத்தைப் பற்றிச் சொன்னது சுலபமாக இருந்திருக்கிறது என்று நேசபாய்க்கு இப்போது தெரிந்தது.

"அவன் சொல்லல்ல மக்கா."

"என்ன மிஸ்?"

"பிரதீஷ் ஒண்ணும் சொல்லல்ல. நீ பாக்கல்லன்னுதான் கடைசிவர சொன்னான். ஒன்ன ஒத்துக்க வைக்க நான் அப்படிச் சொன்னேன். அவங்கிட்டயும் நீ சொன்னதா சொன்னேன்."

மகேஷ்குமார் அவளையே பார்த்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அவன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து யாரிடமோ பிரதீஷின் எண்ணைக் கேட்டு வாங்கி, அதை அடித்து அவளிடம் நீட்டினான்.

"நீங்களே சொல்லுங்க மிஸ். நான் சொன்னா அவன் நம்பமாட்டான்."

நான்காவது மணியில் எடுத்தார்கள். நேசபாய் தன் பெயரைச் சொன்னாள். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். மகேஷ்குமார் உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் பொய் சொன்னேன் என்பதை இரண்டு தடவை சொன்னாள். பிரதீஷ் இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. போன் துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தாள். இல்லை.

"மிஸ்" என்றான் கடைசியில். "அவன் அங்க பக்கத்துல நிக்கியானா?"

"நிக்கியான்."

"அவங்கிட்ட குடுங்க."

நேசபாய் போனைக் கொடுத்தாள்.